எதுவார் மிதித்த ஒயின்

சவேரியார் தெரு முனையில் கலியபெருமாள் நடத்திவந்த கடைக்கு வெளியே ஒயின் ஷாப் என்றுதான் பலகை தொங்கியது, ஆனால் அந்தப் பலகை மாட்டப்பட்ட நாளிலிருந்து அங்கே ஒயின் என்று ஒன்று விற்றதில்லை. கோடையில் பீரும் மழைக்காலத்தில் ரம்மும் வருடம் முழுவதும் பிராந்தியும் விற்றன, காரைக்காலில் எல்லாக் கடைகளிலும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைக் குறையாகச் சொன்னதுமில்லை. பாண்டிச்சேரி மொத்த வியாபாரி, பிராந்தி வேண்டுமென்றால் இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வண்டியில் ஏற்றி அனுப்பிய மரப்பெட்டியைக் கலியபெருமாள் திறந்துகூடப் பார்க்காமல் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். அங்கே உட்கார்ந்தால் உள்ளங்காலில் சூடு ஏறுகிறது என்று அவர் அவ்வப்போது சொன்னதை நாங்கள் சர்க்கரை வியாதி என்று எடுத்துக்கொண்டோம்.

ஐஸ் பெட்டியின் மோட்டார் நின்றுபோன ஒரு பிற்பகலில்தான் அந்தப் பெட்டி இடம் மாறியது. மோட்டாரைப் பார்க்க வந்தவர் ஞானப்பிரகாசம், விசைப்படகு எஞ்சின் மெக்கானிக், மனைவியை இழந்தவர், பெரிய பேச்சுக்காரர் இல்லை. அவர் பெட்டியைக் காலால் தள்ளினார், மூடி விலகியது, உள்ளே வைக்கோலில் படுத்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்து, வழக்கமாக மூலையில் உட்கார்ந்து சின்ன கிளாசில் பிராந்தி குடித்துக்கொண்டிருக்கும் லெயோன் முசேயிடம் நீட்டினார். முசே அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவில் வெளிநாட்டு எழுத்து எதுவாக இருந்தாலும், மருந்துச் சீட்டு உட்பட, அவர் கைக்குத்தான் போகும்.

"என்ன முசே போட்டிருக்கு?"

"ஓர்வில்லாக். ஊர் பேரு. சிவப்பு ஒயின். மலைச்சரிவுல விளைஞ்சது, காலால மிதிச்சதுன்னு போட்டிருக்கான்."

"காலாலயா?" என்றார் கலியபெருமாள். "அதை வெளிய வேற சொல்லுவானா?"

"பெருமையாப் போட்டிருக்கான்யா."

"நீங்க போயிருக்கீங்களா அந்த ஊருக்கு?"

"நான் பிரான்சுக்கே போனதில்ல. ஆனா வருஷா வருஷம் வகுப்புல மேப் மாட்டினவன். அந்த மேப்ல இந்த ஊர் இல்ல."

கார்க் பிடுங்குகிற கருவி கடையில் இல்லை, தெருவிலேயே இல்லை. ஞானப்பிரகாசம் கார்க்கில் ஒரு மர ஸ்க்ரூவைத் திருகி இறக்கி, குறட்டால் பிடித்து இழுத்தார். மழை பட்ட கருங்கல்லும் நசுங்கிய நாவல்பழமும் துருவும் சேர்ந்த ஒரு வாசனை வந்தது. முசே குடித்தார், இன்னும் மூன்று நான்கு பேர் டம்ளரை நீட்டினார்கள், ஞானப்பிரகாசம் மட்டும் வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். புளிப்பாகவும் கொஞ்சம் கசப்பாகவும் இருந்த அதைப் பிராந்தி குடிக்கிற வாய் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் யாரும் டம்ளரைக் கீழே வைக்கவுமில்லை.

"இது பெரிய ஒயின் இல்ல," என்றார் முசே, யாரும் கேட்காமலே. "ஊர்க்காரன் தனக்குன்னு செஞ்சுக்கறது. இதையெல்லாம் வெளியில அனுப்ப மாட்டான்."

"பின்ன எப்படி இங்க வந்துச்சு?"

முசே தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தில் தொடங்கி கணுக்கால் ஏறி கெண்டைக்கால் வரைக்கும், தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறவனுக்கு ஈரம் ஏறுவதைப்போல, கருஞ்சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. குடித்தவர்கள் எல்லோருக்கும் ஏறியது. பிறகு அவர்கள் எழுந்தார்கள், எழ வேண்டும் என்று யாரும் நினைத்திராதபோதும் எழுந்தார்கள், செருப்பை விட்டுவிட்டு வெளியே இறங்கி, வலது காலை ஊன்றி இடது காலை இழுத்து, ஊன்றி இழுத்து, தட், சர்ர், தட், சர்ர் என்று, வலப்புறம் இருந்த தங்கள் வீடுகளின் பக்கம் திரும்பாமல் மாதா கோவிலைக் கடந்து, மூடியிருந்த ஜெராக்ஸ் கடையைக் கடந்து, பம்புக்குழாய்ச் சந்தில் நுழைந்து, மாலை ஜெபமணி அடிக்கிற நேரத்துக்கு அந்த ஜெராக்ஸ் கடைக்காரி மதலேனின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். நின்று, இடது காலை முதலில் மிதியடியில் துடைத்தார்கள்.

அவர்கள் துடைப்பதற்கு முன்பே, அவர்கள் சந்தில் திரும்பியபோதே, மதலேன் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டிருந்தாள். அவள் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களை மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, வாசற்படியின் மேலிருந்தபடியே ஒவ்வொருவர் காலிலும் ஊற்றினாள். சிவப்பு இறங்கிச் சாக்கடையில் ஓடியது. கால்கள் திரும்பவும் அவரவர் கால்களாயின.

"மன்னிச்சிக்கம்மா," என்றார் முசே. "எப்படி வந்தோம்னே..."

"பரவால்ல முசே. வீட்டுக்குப் போங்க. டீச்சரம்மா தேடுவாங்க."

அந்த நடை யாருடையது என்று எங்களில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எதுவார் சின்ன வயதில் தென்னையிலிருந்து விழுந்தவன், இடது கால் முட்டிக்குக் கீழே அப்போதிலிருந்து அவன் சொன்னதைக் கேட்டதில்லை, அந்தக் காலை இழுத்துக்கொண்டே அவன் பந்து விளையாடினான், தேர் இழுத்தான், மதலேனைக் கட்டினான், வேறொருவர் பாஸ்போர்ட்டில் வேறொருவர் பெயரில் பிரான்சுக்கும் போய்ச் சேர்ந்தான். அங்கே சமையற்கட்டுகளில் பாத்திரம் கழுவினான், பிறகு மலைப்பக்கம் எங்கோ தோட்ட வேலைக்குப் போனான். கடைசியாக அவன் போனில் பேசியது ஒரு அறுவடைக் காலத்தில். திராட்சையைப் பெரிய தொட்டியில் போட்டு மிதிக்கிற வேலை, இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி மிதிக்கிறாய் என்று மதலேன் கேட்டதற்கு, கூழுக்குள்ள எல்லாக் காலும் ஒரே மாதிரிதான் என்று சிரித்தான், இங்க எல்லாம் குளிருது, காலு மட்டும் சூடா இருக்கு என்றான். அதற்குப் பிறகு போன் வரவில்லை. முதலில் சில மாதங்கள் அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள், பிறகு மேசையில் வைத்தாள், பிறகு சில வருடங்கள் கழித்து வீட்டின் தெருப்பக்கத்தைச் சுவர் வைத்துப் பிரித்து, அந்த மேசையிலேயே ஒரு ஜெராக்ஸ் மெஷினை வாங்கிவைத்துக் கடை போட்டாள்.

ஞானப்பிரகாசம் அந்த மெஷினைப் பழுதுபார்க்க வந்தவர்தான். மெஷின் சரியான பிறகும் வந்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள் என்பது தெருவுக்குத் தெரிந்தது, தெருவுக்கு அதில் வருத்தமில்லை, காணாமல் போனவன் இறந்துபோனதாகக் கொள்ளலாம் என்று ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து அனுமதி வாங்க எங்கள் பங்குச் சாமியார் தார்சிஸ் சாமி நடையாய் நடந்ததும் எங்களுக்குத் தெரியும். அனுமதி வந்து, மூன்று முறை வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பில் முதல் ஓலையை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசித்த அதே வாரத்தில்தான் ஐஸ் பெட்டியின் மோட்டார் நின்றது.

இனி இந்த ஒயினை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தவர்கள் எங்கள் தெருவை அறியாதவர்கள். மறுநாளே இரண்டு பேர் கேட்டார்கள், அடுத்த நாள் வேறு இரண்டு பேர், கலியபெருமாள் மருந்துபோல அளந்து சின்ன கிளாசில் ஊற்றினார். பிற்பகல் சாய்கிற நேரத்துக்குச் சிவந்த கால்கள் தெருவில் இறங்கும், கடைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்து இன்று யார் என்று தெரிந்துகொண்டு திரும்பவும் குனிந்துகொள்வார்கள், ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வழிவிடுவார்கள், மாடுகள்கூட ஒதுங்கின. கல்யாணப் பெண்ணுக்குச் செம்பஞ்சு பூசினதுபோல இருக்கிறது என்று மீன் விற்கிற பெண்கள் கேலி செய்தார்கள். ஒருநாள் மதலேனைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று ஒருவன் வீட்டுக்குத் திரும்பி சோப்பும் மண்ணெண்ணெயும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்துப் பார்த்தான், சிவப்பு இம்மி நகரவில்லை, அவனைக் கால்கள் விடியும்வரை அறைக்குள் நடத்திக்கொண்டே இருந்தன, காலையில் அவனுடைய மனைவியே அவனைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, ஊத்தி விடுங்கக்கா என்றாள். மதலேன் ஊற்றினால்தான் போகும் என்பது அப்படித் தெரிந்தது.

பெண்கள் சண்டைக்குப் போவார்கள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். போனவள் ஒருத்திதான், பெரிய மார்க்கெட்டில் கருவாடு விற்கிற தெரேசா, அவளும் வாசலில் நின்று கத்தத் தொடங்கி, மதலேன் செம்போடு வந்து நின்ற விதத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரரு கட்டின நாள்லேருந்து காலு கழுவாமதான் உள்ள வருவாரு. நீயாவது கழுவி அனுப்புற. நல்லா இரு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு மனைவிமார்கள் சந்து முனையில் கூடி நின்று பேசிக்கொண்டிருந்து, கழுவி முடித்தவர்களை அங்கிருந்தே கூட்டிப்போவது வழக்கமாயிற்று. மாலையில் சிவந்த காலோடு வாசலில் நின்றவர்கள் காலையில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வரும்போது அவளைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள்.

ஏன் குடித்தோம் என்று கேட்டால் ருசி என்றுதான் சொல்வோம். நாள் போகப்போக அந்தக் கசப்பும் பிடித்துப்போனது உண்மைதான். ஆனால் எங்கே போவது என்று தீர்மானிக்க வேண்டியில்லாத ஒரு நடை அது, தெரு முனையில் திரும்பும்போதே நம் காலடியை அடையாளம் கண்டு ஒரு பெண் வீட்டுக்குள்ளிருந்து எழுகிறாள் என்று தெரிந்து நடக்கிற நடை, எங்களில் பலருக்கு அப்படி யாரும் எழுந்து வந்ததில்லை, வந்திருந்தால் நாங்கள் கவனித்ததில்லை.

சிக்கல் கோவிலில் தொடங்கியது. சில வாரம் கழித்து இரண்டாவது ஓலையை வாசித்ததும், இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று தார்சிஸ் சாமி வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பப்போக, உபதேசியார் சந்தியாகு எழுந்து நின்றார். அவர் பொல்லாதவர் இல்லை. அவருக்கு மனசாட்சி தொந்தரவு அதிகம், அவ்வளவுதான்.

"தோத்திரம் சாமி. ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க உபதேசியார்."

"பேய்க்குக் கால் கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும்."

"கோவில்ல நின்னுகிட்டு என்ன பேச்சு இது?"

"பேச்சுக்குத்தான் சாமி. செத்தவன் வந்தா காலில்லாம வருவான். இங்க கால் மட்டும் வருது. கால் இருக்கிறவன் உசிரோட இருக்கிறவன். உசிரோட இருக்கிறவன் பொண்டாட்டிக்கு எப்படிச் சாமி ஓலை வாசிப்பீங்க?"

கோவிலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, அது மறுப்பாக இல்லை. அதற்குள் எங்களில் பாதிப்பேர் அதையே நினைத்திருந்தோம். தார்சிஸ் சாமி இறையியல் படித்தவர், பேய் பற்றி உபதேசியார் சொன்னதை மறுக்க அவரிடம் வாதங்கள் இருந்தன, ஆனால் அவரே ஒருநாள் கோவில் படியில் நின்று முசேயின் கால்களைப் பார்த்தவர். மூன்றாவது ஓலையைத் தள்ளிவைத்தார்.

அன்று பிற்பகல் ஞானப்பிரகாசம் ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பேப்பர் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மதலேன் அடுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் கடையில் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்த எங்களுக்குக் கேட்டது.

"நீ என்ன நெனக்கிற?" என்றார்.

"நான் என்னத்த நெனக்கிறது. தெனம் வாசல்ல வந்து நிக்கிறாரு. ஊத்துறேன். போயிடுறாரு."

"வேற யாராவது ஊத்தச் சொல்லலாம்ல."

"ஊத்திப் பாத்தாங்களே. போவலியே."

"அது தெரியும்." கொஞ்சநேரம் மெஷினின் மூடியைத் திறந்து மூடினார். "உள்ள விட்டா என்ன ஆவும்?"

"அதைத்தாங்க நானும் யோசிக்கிறேன். உள்ள வந்தா நேரா எங்க போவாருன்னு. கட்டிலுக்கா, அடுப்பங்கரைக்கா. அவரு போனப்ப இந்தச் சுவரு இல்ல, இந்த மெஷின் இல்ல. முட்டிக்குவாரோன்னு இருக்கு." கையிலிருந்த பேப்பர் கட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்குக் கோவமா?"

"நான் நல்லாத்தான் நடக்கிறேன். அதுக்கு ஒருத்தரும் எழுந்து வரமாட்டேங்கறாங்க," என்றார் ஞானப்பிரகாசம். அவர் சொன்னதிலேயே நீளமான வேடிக்கைப் பேச்சு அதுதான், அதற்கு இருவருமே சிரிக்கவில்லை.

பாட்டிலின் பின்பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருந்ததைக் கவனித்தவர் முசே. அதை அவர் முதல் நாளே கவனித்திருந்தார், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் பேசிய பிரெஞ்சை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் பேசிப்பார்க்க அவருக்குப் பயம். ஜெராக்ஸ் கடையிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்கள். தார்சிஸ் சாமி வந்தார், உபதேசியார் வந்தார், கலியபெருமாள் கடையை விட்டுவிட்டு வந்தார், நாங்கள் வெளியே நின்றோம். நீளமாக அடித்து ஒரு பெண்குரல் எடுத்தது. வயதான குரல், பின்னால் கோழிகள் கத்தின.

முசே தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் இந்தியாவிலிருந்து, காரைக்கால் என்ற ஊரிலிருந்து பேசுவதாகவும், உங்கள் ஒயினைக் குடித்ததாகவும் சொன்னார்.   பிறகு அந்தப் பெண் மெதுவாக ஏதோ கேட்டாள். முசே நிமிர்ந்து மதலேனைப் பார்த்தார்.

"அங்கேயும் நடக்கறாரான்னு கேக்கறாங்கம்மா."

கடையில் யாரோ போட்டுவிட்டுப்போன நகல்கள் மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. யாரும் அதை நிறுத்தவில்லை.

அந்தப் பெண் சொன்னதை முசே துண்டு துண்டாகத் தமிழில் சொன்னார். மிதிக்கிற தொட்டியில் திராட்சை புளித்து நுரைக்கும்போது மூச்சை அடைக்கிற ஒரு காற்று எழும்பி மேலே நிற்கும், அதற்கு வாசனையில்லை, நிறமில்லை, அதனால் இறங்குவதற்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், மெழுகுவத்தி அணைந்தால் ஆள் இறங்கக்கூடாது. அன்று காலை யாரும் மெழுகுவத்தி இறக்கவில்லை. கால் இழுத்து நடக்கிற அந்த மனிதர் மற்றவர்கள் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார். ஏறவில்லை. அவரிடமிருந்த காகிதத்தில் என்ன பெயர் இருந்ததோ அந்தப் பெயரில் அங்கே கல்லறையில் வைத்தார்கள், அந்தப் பெயர்க்காரருடைய வீட்டுக்குச் சொல்லியும் அனுப்பினார்கள், அங்கிருந்து எங்களுக்கு அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது. ஒயினைக் கொட்டிவிடச் சொன்னார்கள். எங்கள் மலையில் ஒயினைக் கொட்டுகிற வழக்கமில்லை என்றாள் அந்தப் பெண், நாங்கள் பாட்டிலில் அடைத்தோம். முதல் கிளாஸ் குடித்த என் கணவரின் கால்கள் சிவந்தன. அவர் எழுந்து கிழக்குப் பக்கமாக நடந்தார். குடித்தவர்கள் எல்லோரும் கிழக்குப் பக்கமாகவே நடந்தார்கள், மலை செங்குத்தாக இறங்குகிற விளிம்பில் போய் நின்று, காலைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகு ஊரில் யாரும் வாங்கவில்லை. எவ்வளவு தூரம் அனுப்ப முடியுமோ அவ்வளவு தூரம் அனுப்பிவிட வேண்டும் என்று வியாபாரியிடம் சொன்னோம்.

"அவருக்கு இன்னும் சிவப்பு போவலியாம்," என்றார் முசே. "அந்தம்மா வீட்டுக்காரருக்கு. பூட்ஸ் போட்டுக்கிட்டு நடமாடுறாராம். அங்க என்ன செஞ்சா போவுதுன்னு கேக்கறாங்க."

"தண்ணி ஊத்தினா போவுதுன்னு சொல்லுங்க," என்றாள் மதலேன்.

"யார் ஊத்தணும்னு கேட்டா?"

அவள் மெஷினிலிருந்து விழுந்த நகல்களை எடுத்து அடுக்கினாள். யார் ஊற்ற வேண்டும் என்பதை முசே அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. வைப்பதற்கு முன்னால் மதலேன் ஒன்று கேட்கச் சொன்னாள்: அந்தத் தொட்டிக்குள்ள சூடா இருந்திருக்குமா. முசே கேட்டார். மறுபக்கத்திலிருந்து வந்த பதிலை மொழிபெயர்க்காமலே எங்களுக்குப் புரிந்தது, வீய், வீய், ஆமாம், ஆமாம் என்று அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

வெளியே வந்ததும் கலியபெருமாள்தான் முதலில் பேசினார். "பேய்க்குக் கால் ஏன் இல்லன்னு இப்பத்தான் தெரியுது உபதேசியாரே. எங்கயாவது விட்டுட்டுப் போயிடுது." உபதேசியார் தலையை ஆட்டினார். அவர் மறுநாள் காலையில் தானாகவே போய்த் தன் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், இறந்தோர் பூசைக்கு அவரே முன்வரிசையில் நின்று பாடினார், பாடையில்லாத அந்தப் பூசையில் எல்லோரும் எதையாவது பார்த்தாக வேண்டியிருந்ததால் தரையைப் பார்த்தோம். மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. யாரும் எழுந்து நிற்கவில்லை.

ஆனால் பெட்டியில் ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. அதைக் கடலில் ஊற்றலாம் என்றார்கள், கடலில் ஊற்றினால் மீன் குடிக்கும், அப்புறம் மீன் எங்கே போகும் என்று தெரேசா கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. கலியபெருமாள் அதைத் தாளில் சுற்றிக் கொண்டுபோய் மதலேனிடமே கொடுத்துவிட்டார். அவள் அதை மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அதை அங்கே வைத்துக்கொண்டு அவள் தூங்கவில்லை என்று பக்கத்து வீட்டு லில்லி அக்கா சொன்னாள். வெளியூரில் செத்தவரை வீட்டுக்குள் கொண்டுவருகிற வழக்கம் எங்களிடம் இல்லை, வாசலில் பந்தல் போட்டு அங்கேயே கிடத்தி அங்கிருந்தே தூக்கிவிடுவோம். வாசலோடு நிறுத்தியது சரிதான் என்று எல்லோரும் அவளுக்குச் சொன்னோம். கேட்டுக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞானப்பிரகாசம் வந்து அந்தப் பாட்டிலைக் கேட்டார்.

"எதுக்கு?"

"நான் குடிக்கிறேன். நீ அவரை உள்ள விடு."

"வெளிய செத்தவங்கள உள்ள விடக்கூடாதாம்."

"யாரு சொல்றா?"

"எல்லாரும்தான்."

"எல்லார் வீட்டுக்குமா வந்தாரு?" என்றார். "எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காரு. வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டு நாளைக்கு நானும் நீயும் அந்தப் படியைத் தாண்டிப் போவமா?"

அவள் பாட்டிலைக் கொடுத்தாள். அவர் அதை அங்கே குடிக்கவில்லை, கலியபெருமாள் கடைக்கே எடுத்துப்போய், தானே குறட்டால் திறந்து, யாருக்கும் பங்கு கொடுக்காமல், நின்றுகொண்டே குடித்து முடித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவருடைய பாதங்களில் எப்போதும் இருக்கிற கறுப்பு கிரீசின்மேல் சிவப்பு ஏறியது. அன்று தெருவில் யாரும் கேலி செய்யவில்லை. ஜெபமணி அடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சந்தில் திரும்பினார், தட், சர்ர், தட், சர்ர், நாங்கள் முனையில் நின்றுவிட்டோம், மதலேன் வாசலுக்கு வந்தாள், செம்பு இல்லாமல் வந்தாள். அவர் இடது காலை முதலில் துடைத்தார். அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

உள்ளே நடந்ததை, மதில் மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லில்லி அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், அவள் அன்று காய்ந்த துணிகளையே திரும்பவும் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கால்கள் கட்டிலுக்குப் போகவில்லை. அடுப்பங்கரை வாசலில் ஒரு கணம் தயங்கின, புதிதாக எழுப்பிய சுவரிடம் போய் மெல்ல அதைத் தடவுவதுபோல நின்றன, பிறகு சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, தண்ணீர்த்தொட்டி ஓரமாகத் துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றன. எதுவார் வேலை முடிந்து வந்தால் அங்கேதான் நிற்பான், குனிய முடியாத அவன் காலை அவள்தான் கழுவிவிடுவாள் என்று லில்லி அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மதலேன் தொட்டியில் செம்பை முக்கினாள். இவ்வளவு நாளும் அவள் உயரத்திலிருந்துதான் ஊற்றினாள், யார் காலையும் தொட்டதில்லை. அன்று உட்கார்ந்தாள். வலது பாதத்தைக் கையில் எடுத்து, விரலிடுக்குகளில் தண்ணீர் விட்டு, குதிகாலைத் தேய்த்துக் கழுவினாள். சிவப்பு கல்லில் இறங்கி ஓடியது, கிரீஸ் கறை பிடித்த நகங்களோடு ஒரு மெக்கானிக்கின் பாதம் வெளியே வந்தது. பிறகு இடது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். ஜெபமணி நின்று, தெருவிளக்கு எரியத் தொடங்கி, லில்லி அக்காவின் கையிலிருந்த துணி ஈரமாகிற அளவுக்குப் பனி இறங்கும்வரை வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தப் பாதத்தைக் கழுவாமல் சிவப்போடு கல்லின்மேல் இறக்கிவைத்துவிட்டு, செம்பைத் தொட்டி விளிம்பில் கவிழ்த்துவைத்தாள்.

"தண்ணி தீந்துடுச்சா?" என்று கேட்டார் ஞானப்பிரகாசம். அது அவருடைய சொந்தக் குரல்.

"தீந்துடுச்சுங்க."

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது, விளிம்பு தட்டி நின்றது, அதில் ஒரு வேப்பிலை மிதந்துகொண்டிருந்தது. ஞானப்பிரகாசம் தொட்டியைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சரி," என்றார்.

மறுநாள் அவர் சாக்ஸும் கறுப்பு ஷூவும் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தார், எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள் என்பதால் அதில் வித்தியாசமில்லை. நடுப்பாதையில் பீடத்தை நோக்கி அவர் நடந்தபோது, தட், சர்ர் என்று கேட்டது. தார்சிஸ் சாமி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. முசே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உபதேசியார் சந்தியாகு பாட்டைக் கொஞ்சம் சத்தமாக எடுத்தார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடினோம்.

இப்போது ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வேறு ஒரு பெட்டி கிடக்கிறது, அதன்மேல் உட்கார்ந்தால் கால் சுடுவதில்லை என்று கலியபெருமாள் சற்றுக் குறையாகவே சொல்கிறார். துறைமுகத்தில் எஞ்சின் வேலை முடிந்து ஞானப்பிரகாசம் மாலையில் சந்தில் திரும்பும்போது, மதலேன் உள்ளேயிருந்து எழுந்து வருகிறாள். அவர் மிதியடியில் இடது காலை முதலில் துடைக்கிறார், அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மார்கழியில் ஒருநாள், கடற்காற்று கதவிடுக்கில் நுழைந்து எல்லோர் வீட்டுத் தரையையும் ஈரமாக்கியிருந்த காலையில், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து லில்லி அக்கா, கேட்கலாமா கூடாதா என்று பல மாதம் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ராத்திரி பக்கத்துல படுத்திருக்கிறது யாருன்னு உனக்குத் தெரியுதாடி?"

மதலேன் துணியைப் பிழிந்து உதறினாள்.

"எல்லாம் குளிருதுக்கா," என்றாள். "ஒரு காலு மட்டும் சூடா இருக்கு."